ஸ்பேனர் அக்கா போடாத கையெழுத்து

எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் படகின் பின்புறக் குழாயிலிருந்து விழும் நீரில் இடது மணிக்கட்டை நீட்டி வாய்க்குள் எண்ணுகிறார். பத்துவரை தாங்கினால் எஞ்சின் நலம். ஆறில் கையை இழுத்தால் அன்று யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள். சூட்டைக் காட்ட முள் இருக்கிறதே என்று கேட்டேன். "முள்ளு இருக்கு சார். அது சொல்றது நிசமான்னு யாரு சொல்றது?" என்றார்.

வயது ஐம்பத்திரண்டு. படகுத்துறைப் பட்டறையில் இருபத்து நான்காவது ஆண்டு. எல்லோருக்கும் ஸ்பேனர் அக்கா. கொண்டையைக் கட்டியிருக்கும் இரண்டு கருப்பு ரப்பர் வளையங்கள் டீசல் வடிகட்டி மூடிக்கு வருபவை. கழற்றும் நட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைப்பார். அந்தத் துணியைத் தாண்டுகிறவர் தொலைந்தார்.

பட்டறைக்குப் பின்னால் ஒன்றரை அறை வீடு. அடுக்களை அலமாரியில் மேல்தட்டில் மளிகை, கீழ்த்தட்டில் பம்பு உதிரிகள். "ஒரு நாள் சர்க்கரைக்குப் பதிலா வாஷரப் போட்டுக் கலக்கிட்டா" என்பார் நான்காம் எண் படகை ஓட்டும் கணவர். "குடிச்சிட்டு நல்லாருக்குன்னாரு" என்பார் இவர்.

அந்த நான்காம் எண் படகுக்குத்தான் வினை வந்தது. அக்கரைக்குப் பத்தொன்பது நிமிடம். முழு வேகத்தில் போனால் பதினோராவது நிமிடத்தில் சூடு தொண்ணூற்றைந்தைத் தாண்டும். எஞ்சின் இழுவையை இழந்து நடு நீரில் தவழும். மூன்று வாரத்தில் பதினேழு முறை. தினமும் அதில் போய்வருபவன் நான்; தேதி, நேரத்தோடு என் குறிப்பேட்டில் இருக்கிறது. அக்கா டீசல் வடிகட்டியை மாற்றினார். நீர் உறிஞ்சும் வலையைக் கழுவினார். மூழ்கி, சுழலியில் கயிறு சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பயனில்லை.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் ஒரு தாளோடு வந்து படகில் உட்கார்ந்தார். 'எஞ்சின் தேய்ந்துவிட்டது, பழுதுபார்க்க இயலாது.' அடியில் மெக்கானிக் கையெழுத்துக்கு இடம். போட்டால் நான்காம் எண் படகு உடைக்கப்படும், கணவர் வேலையிழந்து கரையில் உட்கார வேண்டியதுதான். போடாவிட்டால் ஐந்து மணிக்குள் பட்டறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"எஞ்சினுக்கு வயசாயிடுச்சும்மா. ஒத்துக்க."

"உங்களுக்கும்தான் வயசாச்சு. உங்கள மாத்திட்டாங்களா?"

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு, விடு. உனக்காவது வேலை இருக்கட்டும்" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. சாகாத எஞ்சினுக்கு நான் சாவுச் சீட்டு எழுத மாட்டேன்."

பிறகு படகின் பராமரிப்பு நோட்டைப் புரட்டினார். கோளாறு தொடங்குவதற்குச் சற்று முன், அம்மாவின் கண் அறுவைக்காக அவர் விடுப்பில் இருந்த ஐந்து நாளில், வெளியிலிருந்து வந்த ஆள் எழுதிய வரி: 'தண்ணீர் பம்பின் ரப்பர் சக்கரம் மாற்றப்பட்டது.' வழக்கமாக மாற்றுவதுதான் என்று அதுவரை நினைத்திருந்தார்.

"பழசு எங்க?"

"குப்பைக்குப் போயிருக்கும்" என்றார் மேற்பார்வையாளர்.

கணவர் தொண்டையைச் செருமினார். "என் சீட்டுப் பக்க ஜன்னல் கடகடன்னு ஆடுச்சு... அதத்தான் செருகி வச்சேன்."

"மூணு வாரமா அது மேலயா சாஞ்சு உக்காந்திருந்தீங்க?"

அக்கா அதைப் பிடுங்கினார். சக்கரத்தின் இறக்கைகளை விரலால் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஆறு இறக்கை இருக்கணும். நாலுதான் இருக்கு. ரெண்டு எங்க சார்?"

"தண்ணியோட போயிருக்கும். இப்ப அதுவா முக்கியம்?"

"எப்படிப் போகும்? பம்புத் தண்ணி எஞ்சின் சூட்டத் தணிக்கிற கூலர் வழியாத்தான் போகணும். அதுல இருக்கிற குழாய் ஒவ்வொண்ணும் பென்சில் தடிமன். இந்த இறக்கை என் கட்டைவிரல் தண்டி."

கூலர் மூடியின் எட்டு நட்டுகளும் துணிக்கு வந்தபோது மணி மூன்று ஐம்பது. உள்ளே இருபத்திரண்டு சிறு குழாய்களில் ஒன்பதின் வாயை அடைத்துக்கொண்டு இரண்டு ரப்பர் துண்டுகள் ஒட்டிக் கிடந்தன. மெதுவாகப் போகையில் மீதிக் குழாய்களே போதும். வேகம் கூடினால் போதாது. புதுச் சக்கரம் போட்டவர் பழையதன் இறக்கைகளை எண்ணவில்லை. அவ்வளவுதான்.

அக்கா துண்டுகளை எடுத்துவிட்டு, மூடியைப் பூட்டி எஞ்சினைக் கிளப்பினார். மேற்பார்வையாளர் அசரவில்லை. "கட்டிப்போட்டு ஓட்டினா எந்த எஞ்சினும்தான் ஓடும். கையெழுத்தப் போடும்மா."

அக்கா கரைக்குத் தாவினார், கயிற்றை அவிழ்த்தார், திரும்பப் படகில் தாவினார்.

"ஏம்மா, நான் இறங்கணும்!"

"உக்காருங்க சார். முள்ளு உங்களுக்கு நேராத்தான் இருக்கு, நல்லாப் பாருங்க."

நானும் பின்பெஞ்சில் இருந்தேன். கிளம்பியது நான்கு இருபத்தைந்து. ஐந்தாவது நிமிடம் எண்பது. ஒன்பதாவது நிமிடம் எண்பத்திரண்டு. மேற்பார்வையாளரின் மடியில் அந்தத் தாள் காற்றில் படபடத்தது. அவர் கண் முள்ளை விட்டு அகலவில்லை. பத்தாவது நிமிடம் எண்பத்திரண்டு. பதினொன்று நெருங்கியதும், மூன்று வாரப் பழக்கத்தில், கணவரின் கை வேகக் கைப்பிடியைப் பின்னால் இழுக்கப் போனது. அக்கா அவர் கைமேல் தன் எண்ணெய்க் கையை வைத்து, கைப்பிடியை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் தள்ளினார்.