கழற்றிவிட்ட ஒயர்

இன்று காலை பாலக்கரையில் ஒரு உதிரிபாகக் கடையில் நின்றிருந்தேன். டீசல் லாரியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வாங்க முசிறியிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். வாழைத்தார் ஏற்றும் லாரி அவருடையது. ரிப்பேரும் வீட்டு வாசலில் அவரே பார்ப்பாராம்.

கடைக்காரர் பெரிய திரை வைத்த ஸ்கேனரை நீட்டினார். "இதுதாங்க மேடம் டாப். தமிழ்லயே சொல்லும்."

"என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வாங்கிக்கிறேங்க."

வெளியே நின்ற தன் லாரியில், ஏர் ஃபில்டர் பக்கத்துச் சென்சார் ஒயரை வேண்டுமென்றே கழற்றிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். "இப்ப மாட்டிப் பாருங்க."

திரை பச்சையாக ஒளிர்ந்தது: கோளாறு இல்லை.

"ஒயரையே கழட்டி வச்சிருக்கேன், இதுக்குத் தெரியலையேங்க!"

அடுத்து, மூலையில் தூசி படிந்து கிடந்த சின்ன ஸ்கேனர். மாட்டிய கொஞ்ச நேரத்தில் எந்தச் சென்சார் என்பதையே காட்டிவிட்டது. அக்கா ஒயரைத் திரும்பப் பொருத்தினார், அதையே வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன ஒரு மூளை!

ஆறு மாதமாக என் லாரியில் ஒரு கோளாறும் இல்லை என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருப்பதும் அதே பெரிய திரை ஸ்கேனர்தான்.

நாளைக்கு லோடு இருக்கிறது. அந்த அக்கா யாரென்று உங்களில் யாருக்காவது தெரியுமா?