பல்கனியில் பழகிய சப்பாத்து

வேலையிடத்து ஆட்கள் பிரான்ஸ் மலைக்குப் பனியில் சறுக்கப் புறப்பட்டபோது நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கால் விறைக்காமலிருக்க வேண்டுமென்றால், பனிச்சறுக்குச் சப்பாத்தை ஒரு கிழமை வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்க வேண்டும் என்றான் அதை விற்ற கடைக்காரன். அவனுக்கு என் மனைவியைத் தெரியாது.

"வீட்டுக்குள்ள சப்பாத்தோட நடக்கப் போறியளோ? அப்பிடியே சாமியறைக்கும் போங்கோவன்!"

ஆகவே லண்டன் எட்மண்டனில் எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில், தை மாதக் குளிரில், இடுப்பில் சாரமும் காலில் அந்த முரட்டுச் சப்பாத்துமாக ஒரு கிழமை நடந்தேன். கால் அங்கேயே விறைத்துப்போனது. தேநீரை அவள் யன்னல் வழியே நீட்டினாள்.

மலையில் முதல் நாள் குளிரே தெரியவில்லை. இரண்டாம் நாள் காலை சப்பாத்து கருங்கல்லாய் உறைந்திருந்தது. கால் உள்ளே போகவில்லை. அதைப் பனிக்குள் வைத்த மடையன் யார் என்று பயிற்றுநர் கத்தினார். நான்தான். முதல் நாள் பின்னேரம் விடுதி வாசலைக் கண்டதும் என்னையறியாமலே கழற்றி வெளியே வைத்திருக்கிறேன்.

மனைவிக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"நல்ல காலம்," என்றாள். "உள்ள கொண்டு போகேல்லைத்தானே?"