மஜீதா கொட்டிய மாத்திரை

மஜீதாவின் நாக்குக்குப் பாலக்கரையில் அவள் தெருவே பயப்படும். சின்ன வயதில் புருஷனை இழந்தவள். தம்பி தாஜுதீனை வளர்த்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்த்து, ஷரீபாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் அவள்தான். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

கொசுவுக்கு டிடிடி அடிக்கிற ஆட்கள் அந்தத் தெருவுக்கு இன்னும் வந்து சேராத 1954 மழைக்காலம். எட்டு மாத வயிற்றோடு ஷரீபாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தாஜுதீன் ஆஸ்பத்திரியில் மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை வாங்கிவந்தான். அதைப் பார்த்ததுமே மஜீதாவுக்குத் தன் பிள்ளை ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் அவளுக்கும் ஏழாம் மாதத்தில் இதே காய்ச்சல், கொய்னா தின்றாள், மறுநாளே பிள்ளை செத்துப் பிறந்தது. கொய்னாதான் கொன்றது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். எனவே மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நிலவேம்புக் கஷாயம் காய்ச்சினாள்.

"மாத்திரைய இதுலயே அரைச்சுக் கலந்திருக்கேன். மூச்சப் புடிச்சிட்டுக் குடிச்சிடு புள்ள."

கசப்புக்குக் கசப்பு. ஷரீபாவுக்கு எப்படித் தெரியும்?

காய்ச்சல் விட்டு விட்டு வந்தாலும் பிள்ளை உயிரோடு பிறந்தது. ஆண் பிள்ளை. மஜீதாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மஞ்சளித்தது, உதடு வெளுத்தது, பாலைத் தொடவில்லை. பள்ளிவாசல் ஹஸரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கித் தடவினாள், சூடு இறங்கவில்லை. பிரசவித்து நாற்பது நாள் கழியாத தாயையும் பிள்ளையையும் திரை கட்டிய ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் அல்போன்சா குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார். "மாசமா இருக்கறப்ப காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. மாத்திரை சாப்பிட்டேன். மதினிதான் அரைச்சுக் குடுத்தாங்க," என்றாள் ஷரீபா, நன்றியோடு.

டாக்டர் யோசித்தார். "மாத்திரை சாப்பிட்டிருந்தா உன் மலேரியா பிள்ளைக்கு வந்திருக்காது, இது வேற ஏதோ. ரத்த ரிப்போர்ட் நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் வேற மருந்து குடுத்துப் பார்ப்போம்."

நாளை வரைக்கும் பிள்ளை தாங்குமா? ஊரையே அடக்குகிற நாக்கு மஜீதாவுக்கு அசையவில்லை. சொன்னால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும்.

"குடுக்கலீங்கம்மா. கொட்டிட்டேன்," என்றாள். "கொய்னா தின்னுதான் என் புள்ள வயித்துலயே போச்சு. இதுவும் போயிடும்னு பயந்துட்டேன்."

ஷரீபா அவள் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் மலேரியா மாத்திரையைப் பொடித்துக்கொண்டே சொன்னார். "கொய்னா கொல்லலம்மா. காய்ச்சல்தான் கொன்னிருக்கும். நீங்க மருந்து சாப்பிடறதுக்குள்ள அது முந்திக்கிச்சு."

அதன்பிறகு ஷரீபா அவளோடு பேசவே இல்லை. வார்டு வராந்தாவில் மஜீதா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஒரு காலையில் சூடு இறங்கி, பிள்ளை வீறிட்டழுது மாரைப் பற்றியது. அப்போதுதான் மஜீதா உடைந்தாள். அழுகையை நிறுத்தவே முடியவில்லை.

"அதான் குடிக்கிறானே மதினி, இன்னும் எதுக்கு அழறீங்க?" ஷரீபாதான் முதலில் பேசினாள்.

"இவனுக்கில்ல ஷரீபா," என்றாள் மஜீதா. "கொய்னாவத் தின்னு என் புள்ளைய நானே கொன்னுட்டேன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."