வெள்ளிக்கிழமை விற்காத டோக்கன்

மகளைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவளுக்கு ஆறு வயது. இடது காதுக்குள் எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கிறது, வலது காதிலும் தொடங்கிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள் என்றார் மருத்துவர். செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. திங்கள் மாலைக்குள் பணம் கட்ட வேண்டும்.

பணம் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் வளையல்களை விற்று டோக்கன் வாங்கியிருந்தேன். வைத்திக்குப்பத்து வீட்டில் நான்தான் பட்டம் படித்தவள். விளக்கிச் சொல்வதும் என் பொறுப்பு. அரசாங்கம் கடன் வாங்கும்போது தரும் பத்திரங்களை ஒரு நிறுவனம் வாங்கிப் பூட்டி வைக்கிறது, அதில் நமக்குள்ள சிறு பங்குதான் போனில் தெரியும் டோக்கன் என்று மீன் விற்கும் மாமியாரிடம் சொன்னேன். விலைவாசி ஏறினால் அந்தப் பத்திரத்தின் மதிப்பை அரசாங்கமே ஏற்றும், டோக்கனும் கூடவே ஏறும். அவருக்குப் பிடிபடவில்லை. பொன் மாதிரிதான் அத்தை என்று முடித்துவிட்டேன்.

டோக்கனை நிறுவனத்திடமே கொடுத்து முழு மதிப்பையும் வாங்க மூன்று மாதத்துக்கு ஒரு வாரம்தான் வாய்ப்பு. மற்ற நாட்களில் வெளியாட்கள் கேட்பதுதான் விலை. நல்லவேளையாக அப்போது அந்த வாரம் நடந்துகொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியது வெள்ளிக்கிழமை சாயங்காலம். டோக்கனை விற்க நான் போனை எடுத்தபோது மாமியார் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

"பொன்னு மாதிரின்னு நீதானே சொன்ன? வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கிற நேரத்துல எவளாவது பொன்ன விப்பாளா? புள்ள காரியம். காலைல வித்துக்கோ."

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வெள்ளிக்கிழமையைத்தானே நினைப்பேன் என்று பயந்தேன். வாரம் முடிய ஒரு நாள் இருக்கிறதே என்றும் தோன்றியது. எங்களுக்குச் சனிக்கிழமையும் படகு போகும், ஏலம் நடக்கும். பத்திரச் சந்தைக்கு வாரம் வெள்ளியோடு முடிந்துவிடும், நிறுவனமும் அன்று இரவோடு வாங்குவதை நிறுத்திவிடும். அதைப் படித்திருந்தேன். மறந்தேனா, மறக்க விரும்பினேனா, இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை விற்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது.

வெளியாட்களிடம் விற்றேன். வட்டி ஏறியிருந்த சமயம். புதுப் பத்திரத்தில் கூடுதலாகக் கிடைக்கும்போது பழையது எதற்கு என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் என் கணவர் மீதிக்காக அலைந்தார். புதன்கிழமைதான் கிடைத்தது. செவ்வாய்க்கிழமையை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஆறு வாரம் கழித்து.

யாரும் என்னைத் திட்டவில்லை. மாமியார் இப்போது என் முகத்தைப் பார்க்காமல் விளக்கேற்றுகிறார். விலைவாசி ஏறிவிட்டதாம். நான் விற்ற டோக்கனும் ஏறியிருக்கும். நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

இன்று காலை மகள் வாசலில் உட்கார்ந்து சோப்பு நுரை ஊதிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கூப்பிட்டேன். போன வாரம் இரண்டாவது முறையில் திரும்பினாள். இன்று நான்கு முறை. என் நிழல் கையில் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.