முடுக்கின் அகலம்

எங்கள் பக்கம் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். வைக்கிறவர் கோணலாக வைத்தால் அந்தக் கோணல் அவர் தலையிலேயே விழும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நியாயமான வழக்கம்தான். அதிலும் எப்படி ஏமாற்றலாம் என்று கண்டுபிடித்தவன் நான்.

சங்கரன்கோவிலில் அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டு மனையை நானும் தங்கையும் பிரித்துக்கொண்டோம். தெருவைப் பார்த்த முன்பாதி ஒரு பங்கு. கிணறும் அம்மாவின் அடுப்படியும் இருந்த பின்பாதி இன்னொன்று. புளியங்குடியில் வாக்கப்பட்ட தங்கை, ஊருக்கு வந்தால் பையை வைத்ததும் நேரே அந்த அடுப்படிக்குத்தான் போவாள். அவள் எதை எடுப்பாள் என்று யோசிக்கவே வேண்டாம். அது தெரிந்துதான் கோடு போட்டேன். பின்மனைக்குப் போய்வர ஓரமாக ஒரு முடுக்கு விட வேண்டும். நகராட்சி விதி கேட்கிற அகலத்தை விட்டேன், அதற்கு மேல் ஒரு சாண்கூட விடவில்லை. முன்னால் இரண்டு கடை கட்ட எனக்கு ஆசை.

அவள் பின்பாதியையே எடுத்தாள். மனையைப் பிரிக்க அனுமதி கேட்டு இருவரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். நகராட்சியிலிருந்து இடம் பார்க்க வந்தவர் முடுக்கை அளந்துவிட்டு அவளிடம் கேட்டார்: "நாளைக்கு வீடு கட்டுனா மணல் லாரி இதுக்குள்ள வராதும்மா. பரவாயில்லையா?"

டேப்பின் மறுமுனை என் கையில் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து டேப்பைப் பார்த்தேன். போதும் சார் என்றாள் அவள்.

ஆடித் தபசுக் கூட்டம் கலைந்த வாரத்தில் அனுமதி கைக்கு வந்தது. நான் உடனே கடைக்கு அஸ்திவாரம் தோண்டினேன். முடுக்கை ஒட்டியே என் சுவர் எழுந்தது.

இப்போது அவள் வீடு கட்டுகிறாள். லாரி மணலைத் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. ஆட்களோடு சேர்ந்து அவளும் சட்டி சுமக்கிறாள், ஐம்பது தாண்டிய வயதில், மூட்டுவலியோடு. செய்தது அயோக்கியத்தனம் என்று அதை முதலில் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. போய் அவள் முன்னால் நின்று, சுவரை இடித்து இன்னும் நாலடி விடுகிறேன், மறுபடி மனு கொடுத்து மாற்றிக்கொள்வோம் என்றேன். எழும்பின சுவரை இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என் குற்றவுணர்ச்சி கோபமாகத்தான் வெளியே வந்தது. முடுக்கை அளந்த அன்றைக்கே வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று அவளிடமே சத்தம் போட்டேன்.

அவள் சட்டியில் மணலை அள்ளிக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தா நீ குடுத்திருப்பண்ணே, தெரியும். கேக்காம குடுப்பியான்னுதான் அன்னைக்கு உன்னயப் பாத்தேன்."

பிறகு சட்டியைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன்.