ஜீப்பின் ஆட்டமும் ஒரு ரைட்டும்

எங்கள் ஜீப் என்னைவிட நாலு வயது மூத்தது. ஸ்டியரிங்கைக் கால்வாசி திருப்பினால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சில்லு திரும்பும். உட்துறைமுக வீதியில் எதிரே வருகிறவர்கள் நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்து ஒதுங்குவார்கள். மனைவி கதவுப் பிடியைப் பிடித்தால் இறங்கும்வரை விடமாட்டாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் முடிவாகச் சொன்னாள். "இஞ்சாருங்கோ, ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவில இருந்து ஒராள் ஜீப்பைப் பார்க்க வாறார். அதுக்குள்ள உந்த ஆட்டத்தை நிப்பாட்டினால் ஜீப் நிக்கட்டும். இல்லாட்டிக் குடுத்துவிடுவம்."

நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. கராஜுக்குக் கொண்டுபோயிருக்கலாம்தான். ஆனால் போன தடவை கராஜ்காரரிடம் "இனி நானே பார்ப்பன்" என்று வாயைவிட்டிருந்தேன். மானம் விடவில்லை.

முறை எனக்குத் தெரியும். ஒருவர் மேலே இருந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக ஆட்டவேண்டும். மற்றவர் கீழே படுத்து, அந்த அசைவு சில்லுக்குப் போகிற வழியில் எங்கே தொலைகிறது என்று பார்க்கவேண்டும். தொலைகிற இடத்தில்தான் பிழை.

"நீர் ஏறி இரும். மெல்ல இஞ்சால அங்கால ஆட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்தேன். அவள் ஆட்டினாள். "ரைட்" என்றேன். எங்கள் ஊரில் ரைட் என்றால் சரி, போதும், விளங்கிவிட்டது, எல்லாம்தான். கம்பி, மூட்டு, சில்லு எல்லாம் என் மூக்குக்கு முன்னால் ஒன்றாக அசைந்தன. "ரைட், ரைட்" என்றேன். இன்னும் மும்முரமாக அசைந்தன. பார்த்த மூட்டெல்லாம் தேய்ந்ததாகவே பட்டது. புதன்கிழமை இரண்டு மூட்டுகளை மாற்றினேன். வெள்ளிக்கிழமை மற்ற இரண்டையும் மாற்றினேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை கீழே கிடந்தபடி கத்தினேன். "மெல்ல ஆட்டச் சொன்னால் ஏன் முழுசாத் திருப்புறீர்?"

"நீங்கள் சொல்லுறபடிதானே திருப்புறன். ரைட் எண்டால் ரைட்டுக்கு. ஒருநாளாவது லெஃப்ட் எண்டு சொன்னீங்களே?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, ஆனால் சிரித்தால் தோற்றுப்போவேன்.

"வெளிய வாங்கோ. நான் பார்க்கிறன்" என்றாள். என் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு அவள் கீழே போனாள். நான் மேலே இருந்து பூப்போல ஆட்டினேன்.

"சில்லு அசையேல்லை. கம்பியும் பெரிசா அசையேல்லை" என்றாள். பிறகு, "இஞ்ச சட்டத்தில ஒரு இரும்புப் பெட்டி பூட்டியிருக்கு. அந்தப் பெட்டியே ஆடுது. மூண்டு போல்டில ஒண்டைக் காணேல்லை."

ஸ்டியரிங் பொக்ஸ். ஸ்டியரிங்கின் அசைவைக் கம்பிக்குக் கொடுப்பதே அதுதான். ஒரு கிழமையாக என் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் சில்லுப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தேன். புது போல்ட் ஒன்று போட்டு மற்ற இரண்டையும் இறுக்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாக்காரர் வந்தார். ஜீப்பைத் துறைமுகப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்து, "நல்லா நேராப் போகுது" என்றார். அவருக்குப் பிடித்துவிட்டதால் மனைவி மனம் மாறிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மனைவி தேத்தண்ணீரை நீட்டினாள்.

"குறை நினைக்காதேங்கோ. ஜீப் குடுக்கிறதா இல்லை" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"திருத்தினது நான்தானே. இனி நானே ஓடப்போறன்."

பல வருடமாக அலுமாரிக்குள் கிடந்த அவளுடைய லைசன்ஸ் வெளியே வந்தது. இப்போது தினமும் குச்சவெளிக்கு வேலைக்கு ஜீப்பில்தான் போகிறாள். போன கிழமை எனக்கு மூதூரில் ஒரு அலுவல். சாவியைக் கேட்டேன்.

"கவனமா ஓடுவீங்களோ?" என்று கேட்டாள்.