ரஜபு மாதம் தப்பா, டாக்டர்?

போன மாதம் என் அம்பாசிடர் கடையநல்லூரிலிருந்து ஒரு பெரியவரை சங்கரன்கோவிலுக்கு ஏற்றி வந்தது. வழக்கமாக லுங்கிக் கட்டு ஏற்றிவரும் கார்!

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தலையில் துணி மூட்டை சுமந்து விற்று, இன்று சொந்தக் கடை, சொந்தக் கார். நான் முன்னால் நின்றால் நடக்காத காரியம் இல்லை என்பார்கள். பொய்யில்லை... ஆனால் இந்தக் காரியம் என்னைத் திணறடித்துவிட்டது.

பெரியவர் அசன் பாய், என் கடைக்கு லுங்கி நெய்து தந்தவர். இப்போது மறதி. தொழப் போகிறேன் என்று கிளம்பி, பள்ளிவாசலைத் தாண்டி மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குக் குறுக்கே நடந்திருக்கிறார். மகன் துபாயில். பார்த்துக்கொள்வது மருமகள் ராபியா ஒருத்திதான்.

"டாக்டர்ட்ட காட்டுவோம்மா" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பைத்தியம்னு சொல்லி எங்கனயாவது கொண்டுபோய் அடைச்சிருவாக. ஆஸ்பத்திரி ஜீப்பைப் பாத்தாலே எங்க தெருவுல கதவைச் சாத்திருவோம்."

குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு இருந்த காலத்துப் பயம் அது. லேசில் போகுமா?

"நான் சொல்லுதேன், வா." நம்பி வந்தாள்.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி டாக்டர் மதராஸில் படித்த இளைஞர்.

"பெரியவரே, இது என்ன மாசம்?"

"ரஜபு."

டாக்டர் சீட்டில் பெருக்கல் குறி போட்டார்.

ராபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவுக சொன்னது சரிதான் டாக்டரய்யா. எங்களுக்கு இது ரஜபு மாசம்" என்றாள்.

"அது இருக்கட்டும்மா" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் ராபியா சொன்னாள்: "தெரிஞ்சு சொன்னதையே தப்புங்காரு. இனிமே வரமாட்டேன் அண்ணாச்சி."

மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் டாக்டரிடம் போய் நின்றேன். "நோன்புப் பெருநாள் சரக்கு அனுப்ப நானே அவுக பிறை மாசக் கணக்குத்தான் பாக்கேன். நீங்க அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இனிமே இங்க வரமாட்டேங்கா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து, "அவங்க வீட்டுக்கு எந்த பஸ்ல போகணும்?" என்றார்.

"பஸ்ஸா? நம்ம கார் எதுக்கு நிக்கி!"

அசன் பாய் வீட்டில் டாக்டர் பாயில் உட்கார்ந்தார். இந்தத் தடவை ராபியா பக்கம் திரும்பினார்.

"இவர்கிட்ட நான் என்ன கேக்கணும்? நீங்க சொல்லுங்கம்மா."

அவள் மாமனார் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் யாரு?"

பெரியவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல பிள்ளை. யாரு வீட்டுப் பிள்ளைன்னுதான் தெரியல."

ராபியா தலை குனிந்தாள். "ரொம்ப நாளா இப்படித்தான். அங்கன வச்சு இதைச் சொல்ல எனக்கு மனசு வரல."

நோயின் சங்கதியே இதுதான்... அதையல்லவா மூடி வைத்திருந்தாள்!

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "இது பைத்தியம் இல்லம்மா. மூளையில வர்ற நோய். குணமாக்க மருந்து கிடையாது. எங்கேயும் அடைக்க வேண்டாம். தொழப் போகும்போது தெருவில யாராவது கூடப் போகட்டும். மாசம் ஒரு தடவை நானே வந்து பாக்கிறேன்."

"இருங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்று அவள் உள்ளே போனாள்.

குணமாகிவிடும் என்று கார் வைத்துக் கூட்டிப்போன என்னால் அவள் பயத்தைப் போக்க முடியவில்லை... மருந்தே இல்லை என்று சொன்னவரை அந்த வீடு நம்பிவிட்டது!